நோஞ்சான் பையன் கண்ட தேகப்பயிற்சி

ஜெர்மனி நாட்டில் மோன்ஷென்கிளாட்பாக் என்று ஓர் ஊர். 1883-ம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி அங்கே ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பெயர் ஜோசப் பிலாட்டீஸ்.

பையன் நோஞ்சான். ஆஸ்துமா ஒரு பக்கம். எலும்பை வளைக்கும் ரிக்கெட்ஸ் நோய் மறுபக்கம். போதாக்குறைக்கு வாதக் காய்ச்சல் வேறு!

இந்தப் பையனின் பெயரில்தான் இன்று உலகம் முழுவதும் ஒரு தேகப்பயிற்சி நடக்கிறது.

ஜோசப்பின் தந்தை உடற்பயிற்சியில் தேர்ந்தவர். மகனும் விடவில்லை. தினமும் பயிற்சி செய்தான். உடம்பு தேறியது. குத்துச்சண்டையும் கற்றுக்கொண்டான்.

கம்பி வேலிக்குள்

வாலிபர் ஆனதும் ஜோசப் இங்கிலாந்துக்குப் போனார். 1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. ஜெர்மானியர் என்பதால் அவரைப் பிடித்து முகாமில் அடைத்தார்கள். பிறகு, இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே கடலில் உள்ள மேன் தீவுக்கு அனுப்பினார்கள்.

அங்கே அவர் சும்மா இருக்கவில்லை. கூட இருந்த கைதிகளுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். படுத்த படுக்கையாக இருந்தவர்களின் கட்டிலில் ஸ்பிரிங்குகளை மாட்டி, படுத்தபடியே கை கால்களை அசைக்க வைத்தார் என்று சொல்வார்கள். பிற்காலத்தில் அவர் செய்த கருவிகளிலும் ஸ்பிரிங்தான் முக்கியம்.

நியூயார்க்கில் கூடம்

1926-ல் ஜோசப் அமெரிக்கா போனார். நியூயார்க் நகரில் எட்டாவது அவென்யூவில் ஒரு பயிற்சிக்கூடம் திறந்தார். அவருடைய வாழ்க்கைத் துணைவி கிளாராவும் உடனிருந்து கற்றுக்கொடுத்தார்.

நடனக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். பெரிய நடன ஆசிரியரான ஜார்ஜ் பாலன்சின் தம் நடனக்காரர்களை அங்கே அனுப்பினார். 1945-ல் ஜோசப் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் 34 பயிற்சிகள் இருந்தன.

ஒவ்வொருவர் உடம்பையும் அவரே நேரில் பார்ப்பார். யாருக்கு எது வேண்டும், எது கூடாது என்று அவரே சொல்வார்.

1967 அக்டோபர் 9-ந் தேதி ஜோசப் காலமானார். அப்போது அவருக்கு வயது 83.

கோர்ட்டுக்குப் போன பெயர்

குருவிடம் நேரில் படித்தவர்கள் தனித்தனியே கூடம் வைத்தார்கள். அவர்களிடம் படித்தவர்களும் வைத்தார்கள். பின்னர், பிலாட்டீஸ் என்ற பெயர் யாருக்குச் சொந்தம் என்று வழக்கு வந்தது.

2000-ம் ஆண்டு நியூயார்க் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. யோகா, கராத்தே போல இதுவும் ஒரு பயிற்சியின் பொதுப் பெயர். தனி ஒருவருக்குச் சொந்தம் இல்லை என்று முடிவாயிற்று.

நல்ல தீர்ப்புதான். ஆனால், வாசலில் தொங்கும் பெயர்ப் பலகையை மட்டும் பார்த்து, உள்ளே இருப்பவர் முறையாகப் படித்தவரா என்று தெரிந்துகொள்ள முடியாது!

எலும்பு மெலிந்தவர்களுக்கு

எலும்புப்புரை என்று ஒரு நோய் உண்டு. எலும்பு உள்ளுக்குள் மெலிந்து, இலேசில் முறியும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அதிகம் வருகிறது. எலும்பின் அடர்த்தியை அளக்கும் 'டெக்ஸா' கருவி 1980-களின் கடைசியில்தான் வந்தது. ஜோசப் காலத்தில் அது இல்லை.

அவருடைய 34 பயிற்சிகளில் பல, முதுகை முன்னால் வளைப்பவை. பந்து போலச் சுருண்டு உருளும் பயிற்சியும் உண்டு. நடனக்காரருக்கு அது நல்லது. எலும்பு மெலிந்த பாட்டிக்கு?

அமெரிக்காவில் மேயோ மருத்துவமனை டாக்டர்கள், முதுகெலும்பு மெலிந்த 59 பெண்களைக் கவனித்து, 1984-ல் முடிவை வெளியிட்டார்கள். முதுகை முன்னால் வளைக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்கள் 9 பேர். அவர்களில் 8 பேருக்கு முதுகெலும்பில் புதிதாக முறிவு கண்டது. முதுகைப் பின்னால் நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்கள் 25 பேர். அவர்களில் 4 பேருக்குத்தான் முறிவு!

சிறிய ஆராய்ச்சிதான். ஆனாலும் டாக்டர்கள் இதை மறக்கவில்லை.

அதற்காகப் பயிற்சியே வேண்டாம் என்று உட்கார்ந்துவிடக் கூடாது. உடம்புக்கு வேலை கொடுக்காவிட்டால் எலும்பு இன்னும் மெலியும். தகுந்த பயிற்சி தசைக்குப் பலம் தரும். தடுமாறி விழாமல் காக்கும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

முதலில் டாக்டரிடம் போங்கள். உங்களுக்கு எந்த அசைவு ஆகாது என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

பிறகு ஆசிரியரைக் கேளுங்கள். எங்கே படித்தார்? எத்தனை காலம் படித்தார்? எலும்பு மெலிந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பழக்கம் உண்டா? எந்தப் பயிற்சிகளை அவர்களுக்கு விட்டுவிடுவார்? முன்னே குனிவதையும், முதுகை வேகமாகத் திருகுவதையும் அவராகவே சொன்னால் விஷயம் தெரிந்தவர்.

அவரும் உங்களைக் கேட்க வேண்டும். வயது என்ன? முன்பு எலும்பு முறிந்ததுண்டா? என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்? ஒன்றுமே கேட்காமல் பாயை விரித்துப் படுக்கச் சொன்னால், எழுந்து வந்துவிடுங்கள்.

சந்தேகம் இருந்தால், பிசியோதெரபி படித்தவரிடம் தொடங்குவது நல்லது.

ஆளைப் பார்த்துப் பயிற்சி கொடுத்தவர் ஜோசப் பிலாட்டீஸ். அவர் பெயரைச் சொல்லிக் கற்றுக்கொடுப்பவரும் அப்படியே செய்ய வேண்டும் அல்லவா?