என்ஜினுக்குக் கழற்றும் தலை கொடுத்தவர்!

சென்னையிலிருந்து செங்கல்பட்டுக்குப் போகும் பெரிய சாலையில் மறைமலை நகர் இருக்கிறது. தமிழறிஞர் மறைமலை அடிகளின் பெயரைத் தாங்கிய ஊர். அங்கே ஒரு பெரிய கார் தொழிற்சாலை எழுந்தது. 1999-ல் அங்கிருந்து ஐகான் கார்கள் வெளிவந்தன. 2022-ல் அங்கே கார் செய்வது நின்றது.

அந்தக் கார்களில் பொறித்திருந்த பெயர், போர்டு!

அந்தப் பெயருக்கு உரியவர் மறைமலை நகரைக் கண்டதில்லை. தொழிற்சாலை எழும் முன்பே, 1947-ல், இறந்துவிட்டார். ஆனால் அவர் பரப்பிய ஒரு வேலைப்பாடு, மாமல்லபுரம் கடற்கரைச் சாலையில் ஓடும் பெட்ரோல், டீசல் கார்களில் இன்றும் இருக்கிறது.

கடிகாரச் சிறுவன்

ஹென்றி போர்டு 1863 ஜூலை 30-ந் தேதி அமெரிக்காவில், டெட்ராய்ட் நகருக்கு அருகே பிறந்தார். விவசாயக் குடும்பம். ஆனால் பையனுக்கு உழவில் நாட்டம் இல்லை. கடிகாரம் கிடைத்தால் பிரித்துப் போடுவான். மறுபடி பூட்டுவான். அது ஓடும்! அக்கம்பக்கத்தாரின் கடிகாரங்களையும் பழுது பார்த்தான்.

12 வயதில் தாயை இழந்தார். 16 வயதில் நகரத்துக்குப் போய், பட்டறையில் வேலை கற்றார். 1888-ல் கிளாராவை மணந்தார். 1891-ல் எடிசன் மின்சாரக் கம்பெனியில் சேர்ந்தார்.

அடுப்பங்கரையில் என்ஜின்

1893. கிறிஸ்துமசுக்கு முதல் நாள் இரவு. கிளாரா பண்டிகைச் சமையலில் இருந்தார். மகன் எட்செல் பிறந்து 2 மாதம்கூட ஆகவில்லை. போர்டு ஒரு சின்ன என்ஜினைத் தூக்கிவந்து, சமையலறைத் தொட்டியில் பொருத்தினார். கிளாரா வேலையை விட்டுவிட்டு, பெட்ரோலைச் சொட்டுச் சொட்டாக ஊற்றினார். என்ஜின் படபடவென்று ஓடியது. வேறு மனைவியாக இருந்தால் கரண்டியைத் தூக்கியிருப்பார்!

1896 ஜூனில் முதல் வண்டி தயார். அதற்கு நான்கு சைக்கிள் சக்கரங்கள். ஆனால் கொட்டகை வாசல் சிறியது. கோடரியை எடுத்துச் சுவரை இடித்தார். வண்டி வெளியே வந்தது.

முதல் கம்பெனி நொடித்தது. இரண்டாவதிலிருந்து விலகினார். 1903-ல் தொடங்கிய மூன்றாவதுதான் நிலைத்தது.

பாத்திரமும் மூடியும்

1908-ல் டி மாடல் கார் வந்தது. அதுவரை பல என்ஜின்களில் சிலிண்டரும் தலையும் ஒரே வார்ப்பு. உள்ளே கரி படிந்தால் சுத்தம் செய்வது பெரும்பாடு. போர்டின் என்ஜினில் நான்கு சிலிண்டர்களும் ஒரே கட்டி. தலை மட்டும் தனி. பாத்திரத்துக்கு மூடி போல அதை 15 போல்ட்டுகளால் முடுக்கினார்கள். அவருக்கு முன்பும் சிலர் இதைச் செய்தது உண்டு. மலிவான காரில் வைத்து ஊரெங்கும் பரப்பியவர் அவர். பட்டிக்காட்டு விவசாயியும் மூடியைக் கழற்றிக் கரியைச் சுரண்டினான்.

மூடி தனி என்றால் இடுக்கு வருமே! குக்கர் மூடியில் ரப்பர் வளையம் இல்லாவிட்டால் ஆவி சீறும் அல்லவா? என்ஜினிலும் அப்படித்தான். இடுக்கை அடைக்கும் மெல்லிய தகடுதான் ஹெட் கேஸ்கட். டி மாடலில் செம்புத் தகடுகளுக்கு நடுவே கல்நார் வைத்தார்கள். கல்நார் தூசி நுரையீரலைக் கெடுக்கும். இப்போது பெரும்பாலும் எஃகுத் தகடுகளை அடுக்கிச் செய்கிறார்கள்.

உள்ளே வெடிக்கும் வாயு, குளிர்விக்கும் நீர், எண்ணெய் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கலக்காமல் காப்பது இந்தத் தகடுதான். அது பழுதானால் ரேடியேட்டரில் நீர் காரணமில்லாமல் குறையும். வெள்ளைப் புகை வரும். எண்ணெய் மோர் போல வெளுக்கும். எல்லாம் சேர்ந்து வரவேண்டும் என்பதில்லை.

கோடை வெயிலில் மாமல்லபுரம் போகும்போது சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறினால், உடனே ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைக்க வேண்டும். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பாயும். கொதிக்கும் என்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் தலை கோணும், விரிசலும் விடும். கடலோரக் கிணற்றின் உப்புநீர் அலுமினியத் தலையை அரிக்கும். கூலண்ட்தான் ஏற்றது. கழற்றிய கேஸ்கட்டைத் திரும்பப் போடக்கூடாது. புதியதைப் போடுமுன் தலை மட்டமா என்று பார்க்க வேண்டும். போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு, சிறிது சிறிதாக, அளவாக முடுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இறுக்கினால் வந்தது வினை!

ஐந்து டாலர்

1913-ல் போர்டு ஓடும் வரிசையில் காரைப் பூட்டச் செய்தார். ஒரு காருக்கு 12 மணி நேரத்துக்கு மேல் பிடித்த வேலை, சுமார் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. 1914-ல் 8 மணி நேர வேலைக்கு 5 டாலர் என்று அறிவித்தார். முன்பு கொடுத்ததைப்போல இரு மடங்கு! வாசலில் ஆயிரக்கணக்கில் கூட்டம். 1927-க்குள் ஒன்றரைக் கோடி டி மாடல் கார்கள் வெளிவந்தன.

மறுபக்கமும் உண்டு. தொழிற்சங்கத்தை 1941 வரை ஏற்க மறுத்தார். தன் பத்திரிகையில் யூதர்மீது வெறுப்பைப் பரப்பினார். 1927-ல் மன்னிப்புக் கேட்டார். ஆனாலும் அந்தக் கறை போகவில்லை.

1943-ல் எட்செல் இறந்தார். அதன்பின் கிழவர் தளர்ந்தார்.

1947 ஏப்ரல் 7. ஆற்றில் வெள்ளம். வீட்டில் மின்சாரம் நின்றுவிட்டது. ஒரு காலத்தில் மின்சாரக் கம்பெனியில் தலைமை என்ஜினியராக இருந்தவர், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கண்மூடினார். அப்போது வயது 83. அருகில் கிளாரா இருந்தார்.