அரியலூர் அழகேசன்

ஓ.வி.அழகேசன் செங்கற்பட்டு ஜில்லாக்காரர். ஆனால் தமிழ்நாடு அவரை அரியலூரோடு சேர்த்தே நினைவில் வைத்தது. அந்த ஊர் அவருடைய தொகுதிகூட அல்ல!

1911-ல் பிறந்தவர். சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்டார். அரசியல் நிர்ணய சபையில் அங்கம் வகித்தார். 1952-ல் செங்கற்பட்டில் வென்று, ரெயில்வே துணை மந்திரி ஆனார். அப்போது லால் பகதூர் சாஸ்திரி அந்த இலாகாவின் மந்திரியாக இருந்தார்.

மருதையாற்று வெள்ளம்

1956 நவம்பர் 23. விடிவதற்கு முன் கொட்டும் மழையில் சென்னை–தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூரைத் தாண்டிச் சென்றது. மருதையாறு கரைபுரண்டு, பாலத்தை ஒட்டிய மண்ணை அரித்திருந்தது. என்ஜினும் பெட்டிகளும் வெள்ளத்தில் கவிழ்ந்தன. 140 பேருக்கு மேல் மாண்டனர். அரியலூர், பெரம்பலூர் பகுதி அப்போது திருச்சி ஜில்லாவைச் சேர்ந்தது.

சில மாதங்களுக்கு முன்புதான் மகபூப்நகர் விபத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்திருந்தனர். அப்போது சாஸ்திரி கொடுத்த ராஜிநாமாவை நேரு ஏற்கவில்லை. இம்முறை ஏற்றார்.

சாஸ்திரியின் புகழ் உயர்ந்தது. பழியோ அழகேசன் தலையில் விழுந்தது. ஆற்று வெள்ளத்துக்குத் துணை மந்திரி என்ன செய்வார்? தேர்தல் காலத்தில் அப்படி யாரும் கேட்பதில்லை. அரியலூரையும் அழகேசனையும் எதுகையாக்கி, அவர் ஆண்டது போதாதா என்று தி.மு.க.வினர் எழுப்பிய முழக்கம் ஊரெங்கும் பரவியது. 1957 தேர்தலில் அழகேசன் சுயேச்சை வேட்பாளரிடம் தோற்றார்.

மீண்டும் ஒரு ராஜிநாமா

1962-ல் அதே செங்கற்பட்டு அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. பெட்ரோலிய, ரசாயன இலாகாவில் ராஜாங்க மந்திரியானார். 1965 ஜனவரியில் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சி மூண்டது. துப்பாக்கிச் சூட்டில் பலர் இறந்தனர்.

பிப்ரவரி 11-ல் உணவு மந்திரி சி.சுப்பிரமணியமும் அழகேசனும் ராஜிநாமாக் கடிதம் கொடுத்தனர். அதைப் பெற்றவர் யார் தெரியுமா? அரியலூருக்காகப் பதவி துறந்த அதே சாஸ்திரி; அப்போது அவர் பிரதமர். ஏற்கலாம் என்று ஜனாதிபதிக்கு அனுப்பினார். ராதாகிருஷ்ணன் இணங்கவில்லை. அன்றிரவே சாஸ்திரி ரேடியோவில் பேசி, ஆங்கிலம் பற்றி நேரு தந்த உறுதிமொழி காப்பாற்றப்படும் என்றார். இருவரும் பதவியில் நீடித்தனர்.

1967-ல் வீசிய தி.மு.க. அலையில் செங்கற்பட்டு மறுபடி கைவிட்டது. எதியோப்பியாவில் இந்தியத் தூதராகச் சில ஆண்டுகள் இருந்தார். எழுபதுகளில் மீண்டும் பாராளுமன்றம் சென்றார். 1977-ல் அரக்கோணம் அவரைத் தேர்ந்தெடுத்தது. 1992-ல் காலமானார்.

மருதையாற்றுப் பகுதி 2007-ல் அரியலூர் மாவட்டமாயிற்று.