புகழா, உயிரா?

ஷாக்கிள்டன் 1874-ல் அயர்லாந்தில் பிறந்தவர். தென் துருவத்தை முதலில் எட்டவேண்டும் என்பது அவர் ஆசை. 1907-ல் கப்பலேறினார். சாமான்களோடு 25 பெட்டி ஸ்காட்ச் மால்ட் விஸ்கியும் போயிற்று. குளிர் நாடல்லவா!

1909 ஜனவரி 9. துருவத்துக்கு இன்னும் சுமார் 180 கிலோ மீட்டர்தான். உணவோ தீர்ந்துகொண்டிருந்தது. மேலே போனால் நான்கு பேரும் உயிரோடு மீள முடியாது. ஷாக்கிள்டன் திரும்பி நடந்தார். நால்வரும் பிழைத்தனர். விஸ்கிப் பெட்டிகள் சில, அவர்கள் தங்கிய குடிசைக்கு அடியிலேயே கிடந்தன.

துருவ ஆசை விடவில்லை. 1922-ல் மீண்டும் தெற்கே போனபோது, தெற்கு ஜார்ஜியா தீவில் மாரடைப்பால் மாண்டார். வயது 47. அங்கேயே அடக்கம்.

பனியில் புதைந்த பெட்டிகளை 2010-ல் தோண்டி எடுத்தார்கள். விஸ்கி உறையவில்லை! மூன்று புட்டிகள் ஸ்காட்லாந்துக்குப் பறந்தன. நிபுணர்கள் துளித்துளியாக ருசித்தனர். நூறாண்டு கடந்தும் கெடவில்லை. மெல்லிய புகை மணமும் இருந்ததாம். பிறகு மூன்று புட்டிகளையும் அதே குடிசைக்கு அடியில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள்.