100 மணி ஜபமாலை: நயின் சிங் ராவத்தின் பனிமலை நடை



ஜபமாலைக்கு எத்தனை மணின்னு கேட்டா, தூக்கத்துலகூட 108-னு சொல்லுவோம். ஆனா ஒருத்தர் கையில இருந்த மாலையில 100 மணிதான். ஏன் எட்டு மணி குறைஞ்சது?

அவர் பேர் நயின் சிங் ராவத். 1830-ல் குமாவுன் இமயமலையின் மிலாம் கிராமத்தில் பிறந்தவர். குளிர்காலத்தில் ஊரே பனியில் மூடிடும், சனங்க கீழே இறங்கிடுவாங்க. கோடையில் கணவாய் திறந்ததும் திபெத்தோட வியாபாரம். அதனால பனிப்பாதையும் திபெத்திய மொழியும் அவருக்குப் பழக்கம். பிறகு ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் ஆனார்.

அப்போ திபெத் வெளியாட்களுக்கு மூடிய நாடு. வரைபடத்தில் பெரும்பகுதி காலி. 1863-ல் பிரிட்டிஷ் நில அளவைத் துறை அவரை டேராடூனுக்கு வரவழைச்சுப் பயிற்சி கொடுத்தது. ஏற்றமோ இறக்கமோ, கல்லோ பனியோ, ஒரே அளவு காலடி வைக்கணும். 2000 காலடின்னா ஒரு மைல். 100 காலடிக்கு ஒரு மணி தள்ளணும். மாலை ஒரு சுற்று வந்தா 5 மைல். 108 மணி இருந்தா கணக்கு இடிக்கும், அதான் 100!

பிரார்த்தனைச் சக்கரத்துக்குள்ள மந்திரச் சீட்டுக்குப் பதிலா குறிப்புச் சீட்டு. மேல போகப் போகத் தண்ணி குறைஞ்ச சூட்டுலயே கொதிக்கும். வெப்பமானியால அதை அளந்து உயரத்தைக் கண்டுபிடிச்சார்.

1865-ல் நேபாளம் வழியா கிளம்பினார். எல்லையில் திருப்பி அனுப்பிட்டாங்க. வேஷம் மாத்தி மறுபடி நுழைஞ்சார். மாட்டினா உயிருக்கே ஆபத்து. பனி மூடின இடத்துல பாதை மறையலாம்; விரல் நுனியில இருக்கிற எண்ணிக்கை மறையக்கூடாது. ஒரு மணி தவறினா, அதுக்கப்புறம் வர்ற ஊர் எல்லாம் வரைபடத்தில் இடம் மாறிடும். 1866 ஜனவரியில் லாசாவை அடைஞ்சார். அந்தப் பயணத்துல எண்ணின தூரம் சுமார் 1200 மைல், ஏறக்குறைய 25 லட்சம் காலடி!

பிறகு 1867-ல் தோக் ஜாலுங் தங்க வயல்கள், 1874-ல் லே-யிலிருந்து மறுபடி லாசா, அங்கிருந்து அசாம். 1877-ல் லண்டன் ராயல் ஜியோகிராஃபிகல் சொசைட்டி தங்கப் பதக்கம் கொடுத்தது. 2004-ல் இந்தியா தபால் தலை வெளியிட்டது.

மலை ஏறுறப்போ சிகரத்தையே பார்த்தா மலைப்பாத்தான் இருக்கும். அவர் பார்த்தது அடுத்த 100 காலடியை மட்டும்தான். நமக்கும் அது போதும் நண்பர்களே.

பிடிச்சிருந்தா நாலு பேருக்குப் பகிருங்க. 🙏