கோபிநத்தத்துச் சிறுவன்



2004 அக்டோபர் 18 இரவு, நம் தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டி அருகே அதிரடிப்படையினரின் குண்டுகளுக்கு வீரப்பன் பலியானார். இந்த முடிவை நம் பகுதியில் அறியாதவர் இல்லை. தொடக்கத்தைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை.

1952-இல் கோபிநத்தம் என்ற காட்டோரச் சிற்றூரில் ஏழைக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். கொள்ளேகால் தாலுகா அப்போது கோயமுத்தூர் மாவட்டத்தில் இருந்தது; 1956-இல் மைசூருடன் சேர்ந்தது. அந்தச் சிறுவனுக்குத் தொழில் கற்பித்தவர் செவி கவுண்டர் என்ற வேட்டைக்காரர். மீசை அரும்பும் வயதிலேயே கையில் துப்பாக்கி. பதின்பருவத்தில் முதல் யானையைச் சுட்டதாகச் சொல்வார்கள். தந்தத்தையும் சந்தனத்தையும் வாங்கிப் பணம் சேர்த்தவர்கள் நகரங்களில் நல்ல பெயரோடு வாழ்ந்தார்கள் என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

1986-இல் பிடிபட்டுத் தப்பினார். அதன்பின் கொலைகள் பெருகின. 1993 ஏப்ரலில் பாலாறு கண்ணிவெடியில் மட்டும் 22 பேர் இறந்தனர். அவரைத் தேடுகிறோம் என்று மலைக்கிராமத்து ஏழைகளைக் காவலர்கள் வதைத்தது இன்னொரு கொடுமை. நீதிபதி சதாசிவா குழுவின் விசாரணைக்குப் பிறகு 2007-இல் தேசிய மனித உரிமை ஆணையம் 89 பேருக்கு இழப்பீடு வழங்கச் சொன்னது. அந்த வீடுகளிலும் குழந்தைகள் இருந்தார்கள். அடியையும் அலறலையும் பார்த்து வளர்ந்தார்கள்.

சிறுவயதில் வன்முறையின் நடுவே வளர்பவர், பின்னாளில் அடிப்பவராகவோ அடிபடுபவராகவோ ஆகும் வாய்ப்பு கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆயினும் அப்படி வளர்ந்தவர்களில் பெரும்பாலோர் வன்முறையாளர் ஆவதில்லை என்பதையும் அதே ஆய்வுகள் காட்டுகின்றன. கோபிநத்தத்தில் அதே வறுமையில் பிறந்து, காடு கழனியில் உழைத்து, யாரையும் கொல்லாமல் வாழ்ந்தவர்களே அதிகம். எனவே வீரப்பனின் குற்றங்களுக்கு அவருடைய குழந்தைப் பருவம் மன்னிப்புச் சீட்டாகாது. ஆனால் செவி கவுண்டருக்கு முன்னால் வேறொருவர் அந்தச் சிறுவனின் தோளில் கைபோட்டிருந்தால் என்ற கேள்வி எனக்குள் எழாமல் இல்லை. பள்ளியை விட்டு நின்று பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளை நினைக்கும்போது அது இன்னும் உறுத்துகிறது.

அப்படிக் கைபோட வந்தவர் வனத்துறை அதிகாரி ஸ்ரீநிவாஸ். வந்தபோது காலம் கடந்திருந்தது. கோபிநத்தத்தில் தங்கி, மக்களுக்கு மருந்து கொடுத்து, மாரியம்மன் கோயில் கட்டித் தந்து, கூட்டாளிகள் சிலரைச் சரணடையவும் வைத்தார். வீரப்பனும் சரணடைவார் என்று நம்பி ஆயுதமின்றிப் போனவரை 1991 நவம்பர் 10 அன்று வீரப்பன் கொன்றார். அவருடைய படத்தை அவ்வூரார் அந்தக் கோயிலிலேயே வைத்து வணங்குகிறார்கள்.