எழுந்திருக்க மறுத்த எதிராளி: காமா பயில்வான் 17 ஆண்டுகள் காத்திருந்தது ஏன்?

லாபிஸில் சனிக்கிழமை இரவு. மாமாக் கடையில் நண்பர்களோடு உட்கார்ந்திருக்கிறீர்கள். தே தாரேக் ஆறிக்கொண்டிருக்கு, கைப்பேசியில் எம்எம்ஏ சண்டை ஓடிக்கொண்டிருக்கு. மேசையில் வழக்கமான வாக்குவாதம்: குத்துச்சண்டைக்காரர் ஜெயிப்பாரா, மல்யுத்த வீரர் ஜெயிப்பாரா?

யார் பலசாலி என்று மட்டும் பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்காது. எந்தத் தரையில், எந்த விதிகளோடு மோதுகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். எம்எம்ஏ என்ற பெயரே இல்லாத காலத்தில் இதை அனுபவித்துத் தெரிந்துகொண்டவர் காமா பயில்வான்.

யார் இந்த காமா?

இயற்பெயர் குலாம் முகமது. 1878இல் பஞ்சாபின் அமிர்தசரஸ் பகுதியில் மல்யுத்தக் குடும்பத்தில் பிறந்தார். அப்பாவும் பயில்வான். சிறுவயதிலேயே அப்பா இறந்துவிட, தாத்தாவும் பிறகு மாமாவும் பயிற்சி கொடுத்து வளர்த்தார்கள்.

1888இல் ஜோத்பூர் மகாராஜா ஒரு போட்டி வைத்தார். யார் அதிக நேரம் பைட்டக், அதாவது உட்கார்ந்து எழும் பயிற்சி செய்கிறார்கள் என்பதுதான் போட்டி. 400க்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். கடைசி 15 பேரில் ஒருவராக நின்ற காமாவுக்கு வயது பத்துதான்! மகாராஜா அவரையே வெற்றியாளராக அறிவித்தார்.

அவர் கற்றது குஷ்தி. கிளறிப் பதப்படுத்திய மண் களத்தில் நடக்கும் மல்யுத்தம் அது. குத்து கிடையாது, உதை கிடையாது. எதிராளியின் முதுகை மண்ணில் படவைத்தால் வெற்றி. காமாவின் உயரம் ஐந்தே முக்கால் அடிகூட இல்லை. ஆனால், பாய்ந்து பிடித்துத் தூக்கிப் போடுவதில் அவருடைய வேகம் தனி. ஏறக்குறைய ஏழடி உயரம் கொண்ட ரஹீம் பக்ஷ் சுல்தானிவாலாவோடு மோதியே அவர் பெரும் பெயர் பெற்றார்.

லண்டனில் நடந்தது என்ன?

1910இல் தம்பி இமாம் பக்ஷோடு லண்டன் போனார். அங்கே முதல் ஏமாற்றம்: உயரம் போதவில்லை என்று போட்டியில் சேர்க்கவில்லை. காமா விடவில்லை. எந்த எடையில் எந்த மூன்று பேர் வந்தாலும் 30 நிமிடங்களுக்குள் வீழ்த்துகிறேன் என்று சவால் விட்டார். முதலில் பலர் அதை நம்பவே இல்லை. பிறகு அமெரிக்க மல்யுத்த வீரர் பெஞ்சமின் ரோலர் மோத வந்து தோற்றுப்போனார்.

அதன் பிறகுதான் பெரிய மோதல். செப்டம்பர் 10, ஜான் புல் பட்டத்துக்காக போலந்து வீரர் ஸ்டனிஸ்லாஸ் சிபிஸ்கோவை எதிர்கொண்டார். சிபிஸ்கோ காமாவைவிட எடை அதிகம் உள்ளவர், கிரேக்க-ரோமன் மல்யுத்தத்தில் பழுத்தவர். அந்தப் பாணியில், தரையில் குப்புறக் கிடக்கும்போது தன்னைப் புரட்டவிடாமல் தடுப்பதும் ஒரு கலை.

ஆட்டம் தொடங்கியதும் காமா அவரைக் கீழே கொண்டுபோனார். அவ்வளவுதான், சிபிஸ்கோ விரிப்பை விட்டு எழவே மறுத்தார்! உடம்பைத் தரையோடு ஒட்டிக்கொண்டு கிடந்தார். இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாக காமா இழுத்தார், தள்ளினார், புரட்டப் பார்த்தார். முதுகு தரையில் படவில்லை. ஆட்டம் சமநிலையில் முடிந்தது.

ஒரு வாரம் கழித்து மீண்டும் மோத ஏற்பாடு. சிபிஸ்கோ வரவில்லை. பட்டம் காமாவுக்குப் போனது. ஆனால், அவரைக் களத்தில் வீழ்த்திய திருப்தி கிடைக்கவில்லை. இந்தியா திரும்பியதும் ரஹீமை அலகாபாத்தில் தோற்கடித்தார். லண்டன் கணக்கு மட்டும் தீராமலே இருந்தது.

பாட்டியாலாவில் மாறியது என்ன?

1928 ஜனவரி. பாட்டியாலா மகாராஜாவின் ஏற்பாட்டில் அதே இருவரும் மறுபடி மோதினார்கள். இருவருக்கும் ஏறக்குறைய ஐம்பது வயது. இந்த முறை லண்டன் விரிப்பு இல்லை, குஷ்தியின் மண் களம். சிபிஸ்கோ குப்புற விழுந்து ஒட்டிக்கொள்ள இப்போது காமா இடமே தரவில்லை. ஒரு நிமிடத்துக்குள் ஆட்டம் முடிந்தது. சிபிஸ்கோவின் முதுகு மண்ணில்!

இரண்டரை மணி நேரத்தில் முடியாதது ஒரு நிமிடத்தில் முடிந்தது. ஆட்கள் அதே ஆட்கள்தான், களம்தான் வேறு.

இன்றைய எம்எம்ஏவில் இது எப்படி?

சிபிஸ்கோவின் உத்தியை இப்போது கூண்டுக்குள் செய்து பாருங்கள். குப்புறக் கிடந்தால் எதிராளி முதுகில் ஏறிக் குத்துவார், கழுத்தைப் பின்னாலிருந்து நெரிப்பார். யாரும் அசையாமல் கிடந்தால் நடுவர் இருவரையும் எழுப்பி நிற்கவைப்பார். ஒரு சுற்று ஐந்தே நிமிடம். லண்டனில் அவரைக் காப்பாற்றியது இங்கே அவரையே மாட்டிவிடும்.

நமக்குத் தெரிந்த உதாரணமும் இருக்கு. 2017 மே மாதம் சிங்கப்பூரில் மலேசியத் தமிழர் அகிலன் தானி ஒன் சாம்பியன்ஷிப் பட்டத்துக்காக பென் ஆஸ்கரனோடு மோதினார். ஆஸ்கரன் ஒலிம்பிக் போட்டிக்குப் போன மல்யுத்த வீரர். அகிலனைக் கீழே தள்ளி முதல் சுற்றிலேயே நெரித்து வென்றார். அதே ஆஸ்கரன் 2019இல் யூஎஃப்சியில் ஹோர்ஹே மஸ்விடாலோடு மோதினார். காலைப் பிடிக்கத் தலையைத் தாழ்த்தினார், பறந்து வந்தது முழங்கால். ஐந்தே விநாடி! எல்லாரையும் வீழ்த்தும் பாணி என்று ஒன்று இல்லை.

காமாவின் கடைசி நாட்கள்

1947 பிரிவினையின்போது காமா லாகூரில் இருந்தார். கலவரக் கும்பல் வந்தபோது இந்து அண்டைவீட்டாருக்குக் காவலாக நின்றார் என்று அவரை நினைவுகூர்கிறார்கள். ஆதரித்த சமஸ்தானங்கள் மறைந்த பின் நோயும் பணக்கஷ்டமும் சேர்ந்துகொண்டன. 1960 மே 23இல் லாகூரில் காலமானார்.

அவர் இறந்து 16 ஆண்டுகள் கழித்து இதே பாடம் அவருடைய குடும்பத்துக்கே திரும்பி வந்தது. 1976 டிசம்பரில் கராச்சியில் இமாம் பக்ஷின் மகன் அக்ரம், ஜப்பானின் அன்டோனியோ இனோக்கியோடு மோதினார். முதுகை மண்ணில் படவைப்பதே வெற்றி என்று வளர்ந்தவர் அக்ரம். கையை முறுக்கிப் பூட்டுவதில் தேர்ந்தவர் இனோக்கி. பூட்டு விழுந்தது, அக்ரம் பணிய மறுத்தார், கையில் பலத்த காயத்தோடு தோற்றார்.

அடுத்த சனிக்கிழமை மேசையில் அதே வாக்குவாதம் வரும்போது, யார் ஜெயிப்பார் என்று சொல்வதற்கு முன் ஒன்று கேட்டுப் பாருங்கள்: விதி என்ன, தரை என்ன?