பழுது பார்க்கப் போனவர் உலகை மாற்றினார்!

இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் என்று ஒரு நகரம். சட்டைப் பித்தான் முதல் பெரிய யந்திரங்கள் வரை, அங்கே செய்யாத சாமான் இல்லை என்று பெயர் வாங்கிய ஊர் அது. அந்த ஊரின் பழைய தொழில் யந்திரங்களை 'திங்க்டாங்க்' என்ற பொருட்காட்சிசாலையில் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

அங்கே ஒரு பிரம்மாண்டமான நீராவி யந்திரம் நிற்கிறது. பார்த்தவுடன் நம் ஊர்க் கிணற்று ஏற்றம்தான் நினைவுக்கு வரும். உயரத்தில் ஒரு பெரிய உத்தரம். அதன் ஒரு முனை தாழ்ந்தால், மறு முனை உயரும். ஏற்றத்தை மனிதன் மிதித்தான். இதை நீராவி இயக்கியது.

பர்மிங்ஹாமை அடுத்த ஸ்மெதிக் என்ற இடத்தில், கால்வாய்ப் படகுகள் மேடு ஏறி இறங்க மதகுகள் இருந்தன. ஒவ்வொரு படகு போகும்போதும் மேட்டுத் தண்ணீர் பள்ளத்துக்கு ஓடிவிடும். அதைத் திரும்ப மேலே ஏற்றுவதே இந்த யந்திரத்தின் வேலை. 1779-ல் ஓடத் தொடங்கி 1891 வரை உழைத்தது. ஓடக்கூடிய நிலையில் உள்ள நீராவி யந்திரங்களில், உலகிலேயே மிகப் பழையது இதுதான்.

இதை உருவாக்கிய மேதை ஜேம்ஸ் வாட். கொதிக்கும் கெட்டிலின் மூடி ஆடுவதைப் பார்த்து, அவர் நீராவி யந்திரத்தைக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை உண்டு. கதை அழகானதுதான். ஆனால் வாட் பிறப்பதற்கு முன்பே நீராவி யந்திரம் ஓடிக்கொண்டிருந்தது! அப்படியானால் அவர் செய்தது என்ன?

நோயாளிச் சிறுவன்

1736 ஜனவரி 19-ந் தேதி, ஸ்காட்லாந்தில் கிரீனக் என்ற துறைமுக ஊரில் வாட் பிறந்தார். தகப்பனார் கப்பல் வேலை தெரிந்தவர், வியாபாரமும் செய்தார். சிறுவன் ஜேம்சுக்கோ ஓயாத தலைவலி. பள்ளிக்குச் சரியாகப் போக முடியவில்லை. பெரும்பாலும் தாயாரே வீட்டில் பாடம் சொல்லிக் கொடுத்தார். தகப்பனாரின் பட்டறையில் இருந்த கருவிகளே அவனுக்கு விளையாட்டுச் சாமான்கள்.

வாட் இருபது வயதை எட்டுமுன் தாயார் காலமானார். தகப்பனாரின் வியாபாரமும் நொடித்தது. 1755-ல் வாட் லண்டனுக்குப் போய், நுண்ணிய அளவுக் கருவிகள் செய்யும் தொழிலைக் கற்றார். ஏழு ஆண்டுகள் கற்கவேண்டிய தொழிலை, அரை வயிற்றுச் சாப்பாட்டுடன் ஒரே ஆண்டில் கற்று, உடம்பு கெட்டு ஊர் திரும்பினார். 1757-ல் கிளாஸ்கோ சர்வகலாசாலை தன் கட்டடத்திலேயே அவருக்கு ஓர் அறை கொடுத்தது. கருவிகளைப் பழுது பார்ப்பது அவர் வேலை.

தோசைக்கல் கணக்கு

1763-ம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஒரு சின்ன யந்திரம் பழுதுக்கு வந்தது. அது நியூகோமன் என்பவர் 1712-ல் அமைத்த நீராவி யந்திரத்தின் மாதிரி. சுரங்கங்களில் ஊறும் தண்ணீரை இறைக்க, அரை நூற்றாண்டாக அந்த யந்திரம்தான் உதவி வந்தது. வாட் அதைச் சரி செய்தார். ஆனால் சில தடவை ஓடிவிட்டு நின்றுவிட்டது. அவ்வளவு நீராவியும் எங்கே போயிற்று?

யந்திரத்தின் உருளைக்குள் முதலில் நீராவி நிறையும். பிறகு உள்ளே குளிர்ந்த நீரைப் பீச்சுவார்கள். நீராவி சுருங்கித் தண்ணீராகிவிடும். உள்ளே வெற்றிடம் உண்டாக, வெளிக் காற்று உருளையின் தண்டைக் கீழே அழுத்தும். உத்தரம் ஆடும், தண்ணீர் மேலே வரும். சரிதான். ஆனால் ஒவ்வொரு முறையும் உருளையும் அல்லவா குளிர்ந்து போகிறது! மறுபடி அதைச் சுட வைக்க மறுபடி நீராவி வேண்டும்.

ஒவ்வொரு தோசைக்கும் பிறகு கல்லைப் பச்சைத் தண்ணீரில் நனைத்து, மறுபடி அடுப்பில் காயவைத்தால் விறகு என்ன ஆகும்? அதே கணக்குத்தான். ஐம்பது ஆண்டுகளாக எல்லோர் கண்ணுக்கும் முன்னால் நிலக்கரி வீணாகிக்கொண்டிருந்தது. வாட் அதை அளந்து பார்த்தார்.

1765 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிளாஸ்கோவின் புல்வெளியில் உலாவும்போது அவருக்கு வழி தோன்றியது. நீராவியை உருளைக்குள் ஏன் குளிரவைக்க வேண்டும்? பக்கத்தில் ஒரு தனிப் பாத்திரம் வைத்து, அங்கே இழுத்துக் குளிரவைத்தால் என்ன? உருளை எப்போதும் சூடாக இருக்கும்; பாத்திரம் எப்போதும் குளிர்ந்திருக்கும். வைத்தியர்கள் உபயோகித்த பித்தளைப் பீச்சாங்குழல் ஒன்றை வைத்தே முதல் சோதனையைச் செய்து பார்த்தார். யோசனை பலித்தது.

பதினோரு ஆண்டுச் சோதனை

யோசனை பிறக்க ஒரு மாலை. யந்திரம் பிறக்கவோ பதினோரு ஆண்டுகள்! பெரிய உருளையைப் பிசகில்லாமல் குடைய அன்று கொல்லர்களுக்குக் கைவரவில்லை. இடுக்கு வழியே நீராவி ஒழுகியது. கையில் பணமும் இல்லை. ரோபக் என்ற தொழிலதிபர் வாட்டின் கடனை ஏற்றுக்கொண்டு கூட்டாளியானார். 1769-ல் கண்டுபிடிப்புக்குச் சட்ட உரிமையும் கிடைத்தது. ஆனால் 1773-ல் ரோபக் திவாலானார்.

குடும்பத்தைக் காப்பாற்ற வாட் கால்வாய்களுக்கு நிலம் அளக்கும் வேலைக்குப் போனார். 1773-ல் மலைநாட்டில் மழையிலும் குளிரிலும் அளந்துகொண்டிருந்தபோது, வீட்டில் அவர் மனைவி மார்கரெட் பிரசவத்தில் உயிர் நீத்தார்.

அந்த வேளையில் கை கொடுத்தவர் பர்மிங்ஹாமில் பெரிய தொழிற்சாலை நடத்திய மாத்யூ போல்டன். ரோபக் தமக்குத் தரவேண்டிய கடனுக்கு ஈடாக யந்திரத்தின் பங்கை எடுத்துக்கொண்டார். மற்றக் கடன்காரர்கள் அதைக் காசுக்குப் பெறாதது என்று நினைத்தார்கள்! 1774-ல் வாட் பர்மிங்ஹாமில் குடியேறினார். பீரங்கி குடைவதில் கைதேர்ந்த வில்கின்சன், உருளைகளைப் பிசகில்லாமல் குடைந்து கொடுத்தார். 1776-ல் முதல் யந்திரங்கள் ஓடின.

வாட் எதற்கும் கவலைப்படுவார். தன் திறமையிலேயே அவருக்குச் சந்தேகம். போல்டனோ தைரியசாலி. ஒருவர் மூளை, மற்றவர் நெஞ்சு. இருவரும் யந்திரத்துக்கு வாங்கிய கூலியும் புதுமையானது. பழைய யந்திரத்தைவிட எவ்வளவு நிலக்கரி மிச்சமாகிறதோ, அதன் விலையில் மூன்றில் ஒரு பங்கு.

அதுவரை நீராவி யந்திரம் பெரும்பாலும் தண்ணீர் இறைக்கவே பயன்பட்டது. 1781-க்குப் பிறகு வாட் அதைச் சக்கரம் சுழற்றவும் பழக்கினார். நூற்பாலைகளும் மாவு ஆலைகளும் ஆற்றங்கரையை விட்டு நகரங்களுக்கு வந்தன.

குறை இல்லாத மனிதரும் அல்ல அவர். 1800 வரை நீடித்த உரிமையை விடாப்பிடியாகக் காத்து, மற்றவர்கள்மீது வழக்காடினார். உயர்ந்த அழுத்தமுள்ள நீராவி ஆபத்து என்று எதிர்த்தார். பின்னாளில் ரயிலை ஓட்டியதோ அந்த நீராவிதான்.

மாடி அறை

1800-ல் வாட் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றார். 1804-ல் அருமை மகன் கிரகரி இறந்தான். 1809-ல் போல்டனும் மறைந்தார். முதியவர் தம் வீட்டு மாடி அறையில், சிலைகளைப் பிரதி எடுக்கும் யந்திரங்கள் செய்துகொண்டு காலம் கழித்தார். 1819 ஆகஸ்டு 25-ந் தேதி, 83-ம் வயதில் காலமானார். அந்த அறையும் அதிலிருந்த கருவிகளும் 1924-ல் லண்டன் விஞ்ஞானக் காட்சிசாலைக்கு மாற்றப்பட்டன.

வாட்டைப் பார்க்க நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. கிணற்று மோட்டாருக்கு இத்தனை குதிரைச் சக்தி என்று சொல்கிறோமே, அந்தக் கணக்கை வகுத்தவர் அவர்தான். 33,000 பவுண்டு எடையை ஒரு நிமிடத்தில் ஓர் அடி உயரம் தூக்கினால் அது ஒரு குதிரைச் சக்தி. மின்சாரச் சக்தியின் அளவுக்கோ அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்.

இன்று மாலை விளக்கேற்றுமுன் பல்பின் மேல் அச்சிட்டிருப்பதை வீட்டுக் குழந்தையை வாசிக்கச் சொல்லுங்கள். எண்ணுக்கு அடுத்தாற்போல் 'வாட்' என்றிருக்கும். தலைவலியால் பள்ளிக்குப் போக முடியாத அந்தக் கிரீனக் பையனின் பெயர்தான் அது. வேலை முடிந்ததும், வீணாக எரியாமல் விளக்கை அணைத்தும் விடுங்கள். அதுதான் அவருக்குப் பிடித்த காரியம்!